வாளியில் போடுமுன் அளந்து பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: நியூ சவுத் வேல்ஸில் தூண்டில் மீன்பிடி

கோடை விடுமுறை நெருங்குகிறது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பங்கு சிட்னியிலும் அதையொட்டிய கரையோரங்களிலும் பொழுதுபோக்காக மீன் பிடிப்பது பற்றியவை. கீழே வரும் எண்கள் எல்லாம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கு உரியவை. ஆஸ்திரேலியாவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு. எல்லை தாண்டினால் கணக்கும் மாறிவிடும். மாநிலத்துக்குள்ளேயும் அளவுகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. மீன்வளத் துறையின் ஃபிஷ்ஸ்மார்ட் செயலி இலவசம்தான். புறப்படும் காலையில் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பமாக ஐந்து பேர் வார்ஃபுக்கு (படகுத்துறைக்கு) போனோம். நானும் என் தம்பியும் தூண்டில் போட்டோம். மொத்தம் 23 பிரீம் மீன் கிடைத்தது. ஆளுக்குப் பத்து என்றால் ஐந்து பேருக்கு ஐம்பது வரை கொண்டுவரலாம்தானே? அங்கே வந்த அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை.
— வாசகர், பெண்டில் ஹில்

அதிகாரி செய்தது சரி. நாள் வரம்பு என்பது ஒருவர் ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை. பிடித்தவர்தான் கணக்கில் வருவார், கூட வந்தவர் வரமாட்டார். பாயில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தவருக்கு மீன் கணக்கு கிடையாது. பிரீமுக்கு ஆளுக்குப் பத்து. தூண்டில் போட்டது இருவர் என்பதால் இருபது வரை வைத்திருக்கலாம்; மூன்று மீன் கூடுதல். அந்த இருபதும் ஆளுக்குப் பத்தாகப் பிடிபட்டிருந்தால்தான் சரி. நீங்கள் பதினைந்து, தம்பி ஐந்து என்றால் உங்கள் பக்கம் ஐந்து மீன் அதிகம்.

எல்லார் மீனையும் ஒரே வாளியில் போடுவதுதான் இந்தச் சிக்கலுக்குக் காரணம். மாலைக்குள் எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். தூண்டில் போடும் ஒவ்வொருவருக்கும் தனி வாளி வையுங்கள், அல்லது எஸ்கி என்ற ஐஸ் பெட்டிக்குள் பெயர் எழுதிய தனித்தனிப் பை வையுங்கள். பிள்ளைகள் தாங்களே தூண்டில் போட்டால் அவர்களுக்கும் தனி வரம்பு உண்டு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம்தான் வேண்டாம். அளவும் எண்ணிக்கையும் அவர்களுக்கும் பொருந்தும்.

பத்து ஆனதும் தூண்டிலைச் சுருட்ட வேண்டும் என்றில்லை. தொடர்ந்து பிடிக்கலாம், ஆனால் அதற்கு மேல் வருவதை அப்போதே நீரில் விட வேண்டும். காலையில் போட்ட சின்ன மீனை எடுத்து எறிந்துவிட்டு மாலையில் பெரியதை வைத்துக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. வாளியில் கிடந்து செத்த மீனைத் திருப்பி விடுவதால் யாருக்கும் பயனில்லை. வாளிக்குள் போனது உங்கள் கணக்கில் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மீனை எங்கிருந்து எங்கே அளப்பது? குறைந்த அளவான 25 செ.மீ. கரையில் சரியாக இருந்த பிரீம், வீட்டில் அளந்தால் சற்றுக் குறைவாகக் காட்டுகிறது.
— வாசகி, டூங்காபி

முகத்தின் முனையிலிருந்து வால் நுனிவரை, நேர்கோட்டில். வால் பிளவின் உட்பகுதிவரை அளப்பது இங்கே செல்லாது. வாயை மூடி, மீனைத் தட்டையான பரப்பில் கிடத்தி, மூக்கை ஒரு தடுப்பில் முட்டவைத்து அளக்க வேண்டும். தையல் டேப்பை மீனின் மேல் போட்டு அளந்தால் உடலின் வளைவும் சேர்ந்துகொள்ளும். தடித்த மீனில் ஒரு செ.மீ. வரை கூடுதலாகக் காட்டும். மீன் கடைகளில் ஒருபக்கம் மடிப்பு வைத்த அளவுப் பலகையும் அளவுப் பாயும் கிடைக்கும். இரண்டில் ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும். பாயைப் பயன்படுத்துமுன் கடல்நீரில் நனையுங்கள். வெயிலில் காய்ந்த பாயில் மீனின் வழுவழுப்பு ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். அந்தச் சளிப் படலம்தான் தொற்று ஏறாமல் மீனைக் காக்கிறது.

நீங்கள் கவனித்த சுருக்கம் உண்மையானதே. செத்த மீன் விறைக்கும்போதும் ஐஸில் கிடக்கும்போதும் சில மில்லிமீட்டர் குறையும். வாலின் ஓரம் காய்ந்து மடங்கினாலும் குறையும். எஸ்கியைத் திறந்து பார்க்கும் அதிகாரி, அந்த நேரத்தில் மீன் எவ்வளவு இருக்கிறதோ அதைத்தான் அளப்பார். ஆகவே கோட்டைத் தொட்டு நிற்கும் மீனை விட்டுவிடுவதே நல்லது. 25 செ.மீ. வேண்டிய மீனுக்கு 26 என்று உங்கள் பலகையில் நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கரையில் அடிக்கடி கிடைக்கும் மற்றவை, குறைந்த அளவும் நாள் வரம்பும்: சாண்ட் வைட்டிங், அதாவது நம்முடைய கிழங்கான் இனம், 27 செ.மீ., ஆளுக்கு 20. டெய்லர் 30 செ.மீ., ஆளுக்கு 10. லூடெரிக் 27 செ.மீ., 10. ஸ்னாப்பர் 30 செ.மீ., 10. மடவை இனத்தைச் சேர்ந்த சீ மல்லெட் 30 செ.மீ. இவற்றில் நம்மவர் அதிகம் தவறுவது ஸ்னாப்பரில். குட்டி ஸ்னாப்பர்கள் வளைகுடாக்களிலும் கழிமுகங்களிலும்தான் வளர்கின்றன. வார்ஃபில் கூட்டமாக வந்து கடிப்பவை பெரும்பாலும் அவையே. இளஞ்சிவப்பு உடலில் நீலப் புள்ளி தெரிந்தால் அது பிரீம் அல்ல; 30 செ.மீ. வேண்டும்.

ஆகப் பெரிய பிளாட்ஹெட் மீனை மட்டும் திரும்ப விடச் சொல்கிறார்களே, ஏன்? சின்னதை விடு என்றால் புரிகிறது.
— வாசகர், பிளாக்டவுன்

டஸ்கி பிளாட்ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிறார்கள். 36 செ.மீ.க்குக் குறைந்தாலும் விட வேண்டும், 70 செ.மீ.ஐத் தாண்டினாலும் விட வேண்டும். இடைப்பட்ட அளவில் ஆளுக்கு ஐந்து.

காரணம் இந்த இனத்தின் வளர்ச்சியில் இருக்கிறது. ஆண் மீன் சிறிதாகவே நின்றுவிடும். பெண்தான் பெரிதாக வளரும். 70 செ.மீ.க்கு மேல் இருப்பது ஏறக்குறைய எல்லாமே பெண். பெரிய பெண்ணின் முட்டைகளும் மிக அதிகம். அது அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். கழிமுகத்தில் அப்படிச் சிலவே இருக்கும். கோடையில் அவை முட்டையிட ஆற்றின் வாய்ப்பகுதியில் கூடும்போதுதான் நாமும் விடுமுறைக்குத் தூண்டிலோடு போய் நிற்கிறோம். சட்டம் இல்லாவிட்டாலும் அந்த மீனை விடத்தான் சொல்வோம். பெரிய பிளாட்ஹெட்டின் சதை முரடாகவும் உலர்வாகவும் இருக்கும். குழம்புக்கு 45 செ.மீ. மீன்தான் சுவை.

எது டஸ்கி என்று அறிய வாலைப் பாருங்கள். வால் துடுப்பில் தெளிவான ஒரு கரும்புள்ளி இருக்கும். மணற்பாங்கான கடலில் கிடைக்கும் புள்ளி பிளாட்ஹெட் வேறு இனம். அதற்குக் குறைந்த அளவு 33 செ.மீ. பார்த்து முடிவுக்கு வர முடியாவிட்டால் கூடுதல் கண்டிப்பான அளவை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா இனத்துக்கும் இதே வழிதான்.

விடும்போது தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாதீர்கள். கனமான மீனுக்குத் தாடை மூட்டும் உள்ளுறுப்புகளும் கிழியும். ஈரத் துணியால் ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் கிடைமட்டமாகத் தூக்குங்கள். செவுள் மூடியின் பின்புறம் கூர்மையான முட்கள் உண்டு. அங்கே வெறுங்கையை வைத்தால் ஆழமாகக் கிழிக்கும்.

நண்டுக்கு அகலத்தை அளக்க வேண்டுமா, நீளத்தையா? சினை நண்டு கிடைத்தால் கொண்டுவரலாமா?
— வாசகி, வென்ட்வொர்த்வில்

இந்த மாநிலத்தில் ஓட்டின் நீளம்தான் கணக்கு. இரு கண்களுக்கு நடுவே ஓட்டின் முன் விளிம்பில் தொடங்கி, பின் விளிம்பின் நடுப்பகுதிவரை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளிலிருந்து முள்வரை அளப்பதுதான் வழக்கமான தவறு. நீலக்கால் நண்டின் ஓடு நீளத்தைப் போல இருமடங்குக்கும் மேல் அகலமானது. அகலத்தை வைத்துப் பார்த்தால் குட்டி நண்டுகூடப் பெரியதாகத் தெரியும்.

நீலக்கால் நண்டு 6.5 செ.மீ., ஆளுக்கு 10. சேற்று நண்டு 8.5 செ.மீ., ஆளுக்கு 5. அளக்க நண்டு அளவி என்று சின்ன பிளாஸ்டிக் தகடு விற்கிறது. இரண்டு இனத்துக்கும் உரிய வெட்டுகள் அதிலேயே இருக்கும். தகட்டின் வெட்டுக்குள் ஓடு தளர்வாக நுழைந்தால் நண்டு சிறியது. சேற்று நண்டை அளக்கும்போது பின்னாலிருந்து பிடியுங்கள். முன்பக்கக் கொடுக்கு விரலை நொறுக்கிவிடும்.

சினை நண்டை ஒருபோதும் கொண்டுவரக் கூடாது, எவ்வளவு பெரியதாக இருந்தாலும். நம் சமையலில் சினை நண்டுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். நண்டைப் புரட்டி வயிற்று மடலைப் பாருங்கள். பெண்ணுக்கு அது அகன்று வட்டமாக இருக்கும், ஆணுக்குக் குறுகலாக இருக்கும். மடலுக்கு வெளியே பஞ்சு போல முட்டைத் திரள் பிதுங்கி நின்றால் அது சினை நண்டு. திரள் முதலில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கப் பழுப்பாகிக் கறுத்துவிடும். கறுத்த திரளைச் சேறு என்று நினைத்துக் கழுவிப் பார்ப்பவர்கள் உண்டு. முட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு நண்டை வைத்துக்கொள்வதும் தீர்வல்ல. பிடிபட்ட நேரத்தில் அது சினை நண்டுதான்.

கூண்டு வைப்பவர்கள் மிதவையில் உரிய அடையாளத்தை எழுத வேண்டும். என்ன எழுத வேண்டும், மிதவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது செயலியில் இருக்கிறது. அடையாளமில்லாத கூண்டை அதிகாரிகள் எடுத்துச் சென்றுவிடுவார்கள். கயிற்றில் ஒரு சிறு ஈயக்குண்டு கட்டி, கயிறு நீர்ப்பரப்பில் மிதக்காமல் பாருங்கள். படகின் சுழலியில் சிக்கி அறுபடும் கூண்டு, அடியில் கிடந்து மாதக்கணக்கில் நண்டையும் மீனையும் கொன்றுகொண்டே இருக்கும்.

கோல்ட் கோஸ்ட்டுக்கு விடுமுறை போகிறவர்களுக்கு: குயின்ஸ்லாந்தில் கணக்கே வேறு. அங்கே சேற்று நண்டை அகலவாக்கில் அளப்பார்கள், 15 செ.மீ. வேண்டும், ஆளுக்கு 7. பெண் நண்டு எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா மூன்று மாதம் வந்து நிற்கிறார், வயது 71. அவருக்கும் உரிமம் எடுக்க வேண்டுமா? கரையில் நின்று சும்மா தூண்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பார்.
— வாசகர், ஹோம்புஷ்

எடுக்க வேண்டும். வயதுக்காக மட்டும் விலக்கு இல்லை. விலக்குப் பெறுவோர் 18 வயதுக்குட்பட்டவர்கள், ஆஸ்திரேலிய அரசின் ஓய்வூதியச் சலுகை அட்டை வைத்திருப்போர், பூர்வகுடி மக்கள், இன்னும் சில வகையினர். மூத்த குடிமக்களுக்கான சீனியர்ஸ் அட்டை இதற்குச் செல்லாது. இலங்கையிலோ இந்தியாவிலோ தரப்பட்ட முதியோர் அட்டையும் செல்லாது.

கட்டணம் மூன்று நாளுக்கு 7 டாலர், ஒரு மாதத்துக்கு 14, ஓராண்டுக்கு 35, மூன்றாண்டுக்கு 85. மூன்று மாதம் தங்குபவர் எத்தனை முறை போவார் என்று பாருங்கள். இரண்டு மூன்று வார இறுதிக்கு மூன்று நாள் சீட்டே போதும்; அடிக்கடி போனால் ஆண்டுக் கட்டணம் மலிவு. பணம் கட்டிய ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். அலைபேசியில் இருந்தாலும் சரி. இந்தப் பணம் பொழுதுபோக்கு மீன்பிடி அறக்கட்டளை நிதிக்குப் போகிறது. செயற்கைப் பாறைத் திட்டுகள் அமைப்பது, அணைகளில் மீன்குஞ்சு விடுவது போன்றவை அதிலிருந்துதான் நடக்கின்றன.

"சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்" என்ற விளக்கம் எடுபடாது. கரையில் மீன்பிடிக் கருவியோடு நிற்பதே உரிமம் கேட்கப் போதுமானது. இரவில் ஏரியில் இறால் அரிக்கும் வலைக்கும், நண்டுக் கூண்டுக்கும், இரைக்காகப் புழு எடுப்பதற்கும் இதே உரிமம் வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு: 18 வயதுக்குட்பட்ட பிள்ளை ஒரே ஒரு தூண்டிலில் பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் கூட நின்று உதவலாம். உங்கள் அப்பா பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டாவது தூண்டிலைத் தொட்டால் உரிமம் வேண்டும்.

வாடகைப் படகில் போகிறீர்களானால் ஏறுமுன் கேளுங்கள். சில படகுக்காரர்கள் பயணிகளுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்திருப்பார்கள்.

நாள் வரம்பு பத்து என்றால் சனிக்கிழமை பத்து, ஞாயிற்றுக்கிழமை பத்து பிடித்து ஃப்ரீசரில் வைக்கலாமா?
— வாசகர், காஸில் ஹில்

கூடாது. பலருக்குத் தெரியாத வரம்பு இது. ஒரு நாளில் பிடிப்பதற்கு ஒரு வரம்பு, ஒரே நேரத்தில் உங்களிடம் இருப்பதற்கு இன்னொரு வரம்பு. கடல்மீன்களில், தனியாகச் சொல்லப்படாதவரை, இரண்டும் ஒரே எண்தான். வாளி, எஸ்கி, கார், வீட்டு ஃப்ரீசர் எல்லாம் சேர்த்துக் கணக்கு. சனிக்கிழமைப் பிரீம் பத்தும் ஃப்ரீசரில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரீம்கூட வைத்துக்கொள்ள முடியாது. நாலு சமைத்து முடித்திருந்தால் நாலு பிடிக்கலாம்.

நன்னீர் மீன்களில் பலவற்றுக்குக் கையிருப்பு வரம்பு நாள் வரம்பைப் போல இருமடங்கு. மர்ரே காட் நாளுக்கு 2, கையிருப்பு 4. அளவு 55 முதல் 75 செ.மீ. வரை. கோல்டன் பெர்ச் நாளுக்கு 5, கையிருப்பு 10. மர்ரே காடுக்கு செப்டம்பர் முதல் நவம்பர் முடியும்வரை தடைக்காலம் உண்டு. சில அணைகளுக்கு மட்டும் அதில் விலக்கு.

உறவினருக்குக் கொடுப்பதில் தடையில்லை. ஆனால் வாங்குபவரின் கையிருப்பில் அது சேரும். அவரும் மீன் பிடிப்பவர் என்றால் அவருடைய ஃப்ரீசரையும் நினைத்துக் கொடுங்கள்.

கரையிலேயே வெட்டிக் கழுவிக் கொண்டுவந்தால் வீட்டில் நாற்றம் இல்லை. இதிலும் தவறு உண்டா?
— வாசகி, ஆபர்ன்

குடலையும் செவுளையும் எடுக்கலாம். தலையை வெட்டுவது, வாலை நறுக்குவது, துண்டம் போடுவது, முள் நீக்கிச் சதையாக்குவது எல்லாம் வீட்டில்தான். அளவு விதிக்கப்பட்ட மீனை நீர்நிலையிலோ அதன் அருகிலோ அளக்க முடியாதபடி வெட்டி வைத்திருப்பது குற்றம். 40 செ.மீ. ஸ்னாப்பரைத்தான் வெட்டினீர்கள் என்பதற்கு உங்களிடம் சான்று இல்லை. நண்டும் அப்படித்தான், கால் கழற்றி ஓடு பிரித்து எடுத்துவர வேண்டாம்.

நாற்றத்துக்கு வழி வெட்டுவது அல்ல, ஐஸ்தான். மீனை உடனே கொன்று, செவுளருகே கீறி இரத்தம் வடியவிட்டு, ஐஸும் கடல்நீரும் கலந்த குழம்பில் முழுதாக அமிழ்த்துங்கள். நன்னீரில் உருகிய ஐஸைவிட இது கூடுதல் குளிர். மீனைச் சுற்றி இடைவெளியில்லாமல் பரவும். குடலை எடுத்த மீனின் வயிற்றுக்குள் நன்னீர் ஏறினால் சதை வெளுத்துத் தொளதொளத்துப் போகும்.

பரமட்டா ஆற்றில் பிடித்த மீனைச் சாப்பிடலாமா? நிறையப் பேர் பிடிக்கிறார்கள்.
— வாசகர், ரைட்

பிடிக்கலாம், சாப்பிடக் கூடாது. சிட்னி ஹார்பர் பாலத்துக்கு மேற்கே, பரமட்டா ஆறு உட்பட, பிடிபடும் எந்த மீனையும் நண்டையும் இறாலையும் உண்ண வேண்டாம் என்பதுதான் அரசின் அறிவுரை. ரோட்ஸ், ஹோம்புஷ் குடாப் பகுதியில் இருந்த வேதித் தொழிற்சாலைகளின் கழிவிலிருந்து டையாக்ஸின் என்ற நஞ்சு அடிச் சேற்றில் படிந்துவிட்டது. சேற்றிலுள்ள புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறி, கொழுப்பில் தங்கிவிடுகிறது. வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. மஞ்சளும் புளியும் அதை எடுக்காது. இதனாலேயே 2006-ல் சிட்னி துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது.

பாலத்துக்குக் கிழக்கே பிடிப்பதற்குப் பொது அறிவுரை மாதத்துக்கு 150 கிராம். சில இனங்களுக்குக் கூடுதலாக அனுமதி உண்டு. துறையின் பட்டியலில் இனவாரியாகப் பார்க்கலாம். 150 கிராம் என்பது ஒருவேளைச் சாப்பாட்டு அளவு. துறைமுகத்து மீனை வாரந்தோறும் குழம்பு வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஊட்டும் வீடுகள் நம்மிடையே இருப்பதால் இதை வெளிப்படையாகச் சொல்கிறோம்: வேண்டாம். சமையலுக்கு வேண்டுமென்றால் துறைமுகத்துக்கு வெளியே, திறந்த கடற்கரைகளுக்குப் போய்ப் பிடியுங்கள். பாறையில் நின்று பிடிப்பவர்கள் உயிர்காப்பு மேலுடை அணியாமல் ஏற வேண்டாம். பல உள்ளாட்சிப் பகுதிகளில் அது 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம்.

கடற்கரை மணலில் காலால் கிண்டினால் மட்டி கிடைக்கிறது. வாளியில் அள்ளி வரலாமா?
— வாசகி, வொல்லங்காங்

அது பிப்பி. ஆளுக்கு 50, அதுவும் தூண்டில் இரைக்கு மட்டும். உயர் அலை எட்டும் கோட்டிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் எடுத்துச் செல்லவே கூடாது. நச்சுப் பாசி பெருகும் காலத்தில் பிப்பி அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். பார்த்தால் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. கடையில் விற்பது பரிசோதிக்கப்பட்டு வருகிறது.

சிட்னி துறைமுகத்தின் கரையோரப் பாறைகளில் சிப்பி, நத்தை, நண்டு எதையுமே எடுக்கக் கூடாது. அங்கே தூண்டில் போடலாம், ஆனால் இரையை வெளியிலிருந்து கொண்டுபோக வேண்டும். மேன்லியை ஒட்டிய கேபேஜ் ட்ரீ பேயில் தூண்டிலும் கூடாது.

கிங்ஃபிஷ் எத்தனை பிடிக்கலாம்?
— வாசகர், செவன் ஹில்ஸ்

இங்கே கிங்ஃபிஷ் என்பது மஞ்சள்வால் கிங்ஃபிஷ். 65 செ.மீ., ஆளுக்கு 5. ஊரில் நாம் கிங்ஃபிஷ் என்று சொல்லும் வஞ்சிரம், அதாவது அறுக்குளா, இங்கே ஸ்பானிஷ் மாக்கரெல். அதற்கு வேறு அளவு, வேறு வரம்பு.

நீல நிறத்தில் பெரிய உதடுள்ள மீன் மாட்டியது. பக்கத்தில் நின்றவர் கத்தியே விட்டார்.
— வாசகர், க்ரொனல்லா

அது ப்ளூ குரோப்பர், மாநிலத்தின் அடையாள மீன். ஈட்டியால் குத்துவது பல பத்தாண்டுகளாகக் குற்றம். 2024 பிப்ரவரியிலிருந்து தூண்டிலால் பிடிக்கவும் தடை. தற்செயலாக மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். பெண்ணும் இளசும் பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். நீலம் இல்லை என்பதால் வேறு மீன் என்று எண்ண வேண்டாம்; தடித்த உதட்டையும் ஆப்பு போன்ற பற்களையும் பாருங்கள்.

கிடைத்த சேற்று நண்டை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விற்கலாமா? பெட்ரோல் செலவுக்காவது ஆகும்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

முடியாது. பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த எதையும் விற்கவோ பண்டமாற்றாகக் கொடுக்கவோ கூடாது. "பெட்ரோல் காசு" என்று பெயர் வைத்தாலும் விற்பனைதான். வாங்குபவரும் சட்டத்தில் மாட்டுவார்.

அளவு குறைந்த மீன் தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டது, இழுத்தால் இரத்தம் வருகிறது. எப்படியும் சாகப்போகிறது, வைத்துக்கொள்ளலாமே?
— வாசகர், லிவர்பூல்

வைத்துக்கொள்ள முடியாது. உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் அளவு குறைந்த மீன் நீருக்கே திரும்ப வேண்டும். ஆனால் அது சாகத்தான் போகிறது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. கொல்வது பெரும்பாலும் முள் அல்ல, முள்ளைப் பிடுங்கும் நம் கைதான். தொண்டைக்குக் கீழே இறங்கிய முள்ளை இழுத்தால் செவுளும் இரைப்பையும் கிழிகின்றன. இழுக்காமல், வாய்க்கு மிக அருகில் தூண்டில் நரம்பை வெட்டி அப்படியே விட்டால் பிரீம் போன்ற மீன்கள் நன்றாகவே பிழைக்கின்றன. பல மீன்கள் சில வாரங்களில் முள்ளைத் தாமே வெளியேற்றிவிடும். துருப்பிடிக்காத எஃகு முள்ளை விடச் சாதாரண இரும்பு முள் நல்லது. அது உள்ளேயே அரித்துப் போகும்.

விழுங்காமல் இருக்கச் செய்வது இன்னும் மேல். தூண்டிலைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் மீனுக்கு விழுங்க நேரம் கிடைக்கிறது. கையிலேயே பிடித்து, நரம்பைத் தளரவிடாமல் வையுங்கள். சர்க்கிள் முள் என்ற வளைந்த வகை தொண்டையில் குத்தாமல் வாயின் மூலையில்தான் மாட்டும். ஆனால் அதற்குப் பழைய பழக்கப்படி தூண்டிலைச் சட்டென்று சுண்டி இழுக்கக் கூடாது. நரம்பு இறுகும்வரை பொறுத்து, மெதுவாகச் சுற்றத் தொடங்க வேண்டும். சுண்டி இழுத்தால் முள் வழுக்கி வெளியே வந்துவிடும். இதனால்தான் பலர் "இந்த முள் வேலை செய்யவில்லை" என்று தூக்கிப் போடுகிறார்கள்.

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். சிமெண்டுத் தரையில் போடாதீர்கள். படம் எடுப்பதென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு மீனைத் தூக்குங்கள். உயரமான வார்ஃபிலிருந்து வீசி எறியாமல், வாளியில் நீரோடு இறக்கியோ படிக்கட்டில் இறங்கியோ விடுங்கள். மீன் பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்த்திப் பிடித்து, முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, தானாகக் கையை உதறிப் போகும்வரை காத்திருங்கள். ஆழத்திலிருந்து ஏறிய ஸ்னாப்பரின் வயிறு காற்றால் ஊதி, கீழே போக முடியாமல் மிதந்தால், தாடையில் மெல்ல மாட்டும் முள்ளில்லாக் கொக்கியுள்ள கனமான ஈயக்குண்டு கடையில் கிடைக்கிறது. அதில் கோத்து அடிவரை இறக்கி ஒரு சுண்டு சுண்டினால் மீன் விடுபட்டு நீந்திவிடும்.